நெட் பெட்டி நின்ற காரணம்

உங்கள் அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வேறு குறை ஒன்றும் இல்லை. உங்கள் ஆட்கள் வீட்டில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தார்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில், என் மைத்துனர் அமுக்கிய அவசர அழைப்பு ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு நிமிடம் தாமதமாகப் போனது ஏன் என்ற இடத்தில், 'வீட்டு இணைய இயந்திரத்தில் கோளாறு. காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியும். கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த பிறகும் ஒரு அரசாங்கக் காகிதத்தில் 'தெரியவில்லை' என்று இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று சொல்லி, ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் நடுவில் யாராவது மூக்கை நுழைப்பார்கள். எழுத்து என்றால் வரிசையாக வரும்.

முப்பத்தொரு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். மிஷின் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிடுவார்கள். நான் படியேறிப் போவதற்குள் மேனேஜர் அதை ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார். அது ஓடும். எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஏன் நின்றது என்று கேட்க அங்கே ஒரு ஆள் இருந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அந்த மேனேஜர் பேசினார். "இவரை மாதிரி சீக்கிரமா ரீஸ்டார்ட் பண்ற ஆள் இனிமே நமக்குக் கிடைக்க மாட்டார்" என்றார். கை தட்டினார்கள். ஒரு மனிதனின் முப்பத்தொரு வருடத்தை ஒரு பட்டனுக்குள் அடக்கிவிட்டார்.

ரீஸ்டார்ட் என்பது என்ன என்று உங்களுக்கு எளிதாகப் புரியும். கொலை நடந்த அறையை, நீங்கள் போய்ச் சேருவதற்குள் யாரோ பினாயில் ஊற்றிக் கழுவி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். மிஷின் நின்ற நிலையில் அதன் மெமரியில் எல்லாத் தடயமும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய மறுவிநாடி ஒன்றும் இருக்காது.

வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள். உள்ளே மொபைல் சிக்னல் சுத்தமாக வராது. தெருமுனையில் லாண்டரிக் கடைக்கு முன்னால் போய் நின்றால்தான் வரும். அதனால் வீட்டுக்குள் எங்கள் போன்கள் எல்லாம் வைஃபையில்தான் வேலை செய்யும். அந்த வைஃபைக்கு நெட் நேராக வராது. என் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நடுவில் வைத்து, வருவது போவது எல்லாம் அதன் வழியாகத்தான் என்று அமைத்திருந்தேன். கடையில் விற்கிற சின்னப் பெட்டி போதும் என்று என் மகள் சொன்னாள். கடைப்பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒன்றை வீட்டு வாசலில் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி, வீட்டிலிருந்தபடியே வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் என் மகள், மாடி அறையில் என் மனைவியின் அண்ணன். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதய ஆபரேஷன் ஆன பிறகு எங்களோடு வந்துவிட்டார். கழுத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த ஒரு பட்டன் தொங்கும். அமுக்கினால் வைஃபை வழியாக ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும், வண்டி அனுப்புவார்கள். நெட் இருந்தால் அதில் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு.

அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். கேலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒருநாள் காலை அந்தக் கம்ப்யூட்டர் முதன்முறையாக உறைந்து நின்றபோது மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மாப்ள, உன் பொட்டி படுத்துடுச்சு போல."

நான் அதனிடம் போவதற்குள் அவரே இறங்கி வந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகியிருந்தார். "ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸையே தள்ளி ஓட்டினவன் நான். இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காவல்காரன் என்று அதற்குப் பெயர் வைத்தேன். பத்து விநாடிக்கு ஒரு தடவை வெளியே ஒரு இணைப்பைத் திறந்து நெட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், மெமரி எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று குறித்துவைக்கும். இனிமேல் மிஷின் நின்றால் எந்த நிமிடம் நின்றது என்று தெரியும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கோளாறு முற்றியது. ஏழு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் எட்டு நாளைக்கு ஒரு தடவை, மெமரி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கடைசியில் நெட் மொத்தமாக நின்றுவிடும். கேபிளை மாற்றினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், நின்றது. மெமரிச் சில்லை மாற்றினேன். ஒரு வாரம், நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. இது தொழில் தர்மம். மகளின் வகுப்புகளைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அவள் வீடியோவை மங்கலாக்கினேன். பிள்ளைகளின் பெற்றோர் அவளிடம் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வாரம் மைத்துனர். அவர் பகல் முழுவதும் மல்யுத்த வீடியோ பார்ப்பவர். அவர் டேப்லெட்டை அடைத்தேன். அந்த வாரம் முழுவதும் மனிதர் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "என் மேல தப்பு இல்லைன்னு தீர்ப்பு வந்துடுச்சா மாப்ள?" என்றார். வந்துவிட்டது என்று சொல்லித் திறந்துவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் தடயம் மட்டும் கிடைக்கவில்லை. நான் குளிக்கப் போயிருப்பேன், என் மனைவி பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். கடைக்குப் போயிருப்பேன், மகள் பிடுங்கிவிடுவாள். "அப்பா, இருபது பிள்ளைங்க வெயிட் பண்ணுது, உங்க ஆராய்ச்சிய அப்புறம் வெச்சுக்கோங்க" என்பாள். நான் யாரையும் திட்டவில்லை. கம்ப்யூட்டரை எடுத்துப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள சாமான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான். மைத்துனர் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். அதனால் ஒரு பேட்டரியும் இணைத்தேன். சாவி என் சட்டைப் பையில்.

என் மனைவி அன்றைக்குக் கேட்டாள்: "அண்ணனுக்கு அந்த பட்டன் இருக்கே, நீங்க இல்லாத நேரத்துல இது நின்னா?"

"நான் எங்க போறேன், வீட்லதான் இருக்கேன்" என்றேன். அது உண்மைதான். அன்றும் வீட்டில்தான் இருந்தேன்.

அன்று என் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் முறை. மகள் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பத்து முப்பத்தெட்டுக்கு என் போனில் வைஃபை போயிற்று. எனக்கு நெஞ்சு படபடத்தது, சந்தோஷத்தில். பதினோரு வாரம் பாடாய்ப் படுத்திய ஒன்று கடைசியில் கையும் களவுமாக மாட்டியிருந்தது. வீட்டில் பிளக்கைப் பிடுங்க ஆள் இல்லை. அலமாரியைத் திறந்தேன், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், விசைப்பலகையைச் சொருகினேன். மிஷின் முழுதாகச் செத்திருக்கவில்லை. ஒரு எழுத்தை அடித்தால் பன்னிரண்டு விநாடி கழித்து அந்த எழுத்து திரையில் வரும். மெமரியில் இருப்பதை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க நாற்பத்தோரு எழுத்து அடிக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் முதலிலிருந்து. பொறுமையாக அடிக்க ஆரம்பித்தேன்.

ஏழாவது எழுத்தில் இருக்கும்போது மாடிப்படியில் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். பட்டனை அவர் அமுக்கியது பத்து நாற்பத்தைந்துக்கு என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது சரி.

"மாப்ள, பட்டன அமுக்கினேன். சிவப்பு எரியுது."

"நெட் நின்னிருக்கு மச்சான். பாத்துட்டிருக்கேன்."

"மூச்சு கொஞ்சம் இழுக்குது. எடது கை வேற கனமா இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை இருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தார். இதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். "ஆடாம உக்காருங்க மச்சான், அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"பிளக்கப் புடுங்கிப் போடேன். ரெண்டு நிமிஷத்துல வந்துடும்ல."

"இப்பப் புடுங்கினா பதினோரு வாரம் வேஸ்ட் மச்சான்."

அவர் கைத்தடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி மாப்ள, நீ உன் வேலையப் பாரு" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. நான் அதை அனுமதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தெருமுனைக்கு ஓடியிருக்கலாமே என்பீர்கள். நான்கு நிமிட நடை. ஆனால் எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் எழுந்து போனால் எத்தனையாவது எழுத்து என்பது விட்டுப்போகும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாமே என்பீர்கள். அவர் வைஃபையும் என் வைஃபையும் ஒரே சேனலில் மோதிய விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது. தப்பு அவர் பக்கம். நான் முதலில் போய்ப் பேசுவது முறையாக இருக்காது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தோராவது எழுத்து விழுந்தது. நகல் எடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். முடியாது. மிஷின் அவ்வளவு தள்ளாடிய நிலையில், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் தொடரலாமா என்று கேட்டது. நான் பக்கத்தில் இருந்து ஆம் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு துண்டு. ஐந்தாவது துண்டின்போது அவர் கைத்தடியால் படியை இரண்டு தடவை தட்டினார். "வந்துட்டேன் மச்சான்" என்றேன். ஒன்பதாவதின்போது ஒரு தடவை தட்டினார். பதினொன்றாவதின்போது தடி உருண்டு கீழே வந்து அலமாரிக் கதவில் இடித்து நின்றது. அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். வழியில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

பதினொன்று பதினொன்றுக்கு நகல் முடிந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். பதினொன்று பதின்மூன்றுக்கு நெட் வந்தது. வந்த முதல் விநாடியிலேயே அவர் அமுக்கியிருந்த தகவல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அந்த பட்டன் விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட கருவி. வண்டி பதின்மூன்று நிமிடத்தில் வந்தது. அதுவும் பாராட்ட வேண்டியதுதான். அவர்கள் வந்தபோது அவர் நாலாவது படியில் சுவரோரம் சாய்ந்திருந்தார். அரைமணி முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். சாவி கிடைக்கவில்லை என்று சொன்னேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். அது உண்மையில்லை. அதையும் திருத்திவிடுங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நகலைத் திறந்து பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. துக்கம் கேட்க வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு மூலையில் உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது. மெமரி முழுவதும் திறந்து மூடப்படாத இணைப்புகள், அறுபதாயிரத்துச் சொச்சம். மகளுடையது இல்லை. மைத்துனருடையது இல்லை. எல்லாம் காவல்காரனுடையது. பத்து விநாடிக்கு ஒன்றைத் திறந்திருக்கிறது. ஒன்றையும் மூடவில்லை. மூடு என்று சொல்லும் ஒரு வரியை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். முதன்முறை நின்றது எதனால் என்று தெரியாது, மின்சாரம் ஒரு நொடி குறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு நின்றதெல்லாம், ஏன் நிற்கிறது என்று பார்க்க நான் வைத்த புரோகிராமால்தான். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அவ்வளவுதான் வேலை.

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று பிளக்கைப் பிடுங்கியிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது. இன்றைக்கும் எல்லோரும் மகளின் வகுப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்த நாள் மகள் மாமாவின் போட்டோக்களை அந்த டிஸ்க்கில் போட வந்தாள். நகல் கோப்பு கண்ணில் பட்டிருக்கிறது. என் பிள்ளை, நேரத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

"அப்பா, இது பத்து அம்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சிருக்கு."

"ஆமாம்மா."

"சாவி கிடைக்கலைன்னு சொன்னீங்க."

நான் அவளை உட்கார வைத்து அறுபதாயிரம் இணைப்பையும் காட்டினேன். அவள் வகுப்பின் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. நான் வேலையில இருந்தேன்."

எழுந்து அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பையோடு வெளியே வந்தார்கள். மகளுடன் வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். என் மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னமோ கண்டுபிடிச்சீங்களாமே. என்ன அது?"

"ஒரு வரி விட்டுப்போயிருக்கு" என்றேன்.

"அவ்வளவுதானா" என்றாள். அவளுக்கு இந்த விஷயத்தில் எப்போதுமே ஆர்வம் இருந்ததில்லை.

அவர்கள் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அறிக்கையைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் நானே சொல்கிறேன். கதவு திறந்திருந்தது. பிளக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கேட்டார், எனக்குக் காதில் விழுந்தது, புரிந்தது, நான் செய்யவில்லை. சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற கட்டத்தில் மட்டும், மூடப்படாத இணைப்புகளால் மெமரி நிரம்பியது என்று எழுதிவிடுங்கள்.

பெட்டி இப்போது நாற்பது நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் வீட்டில் நான் ஒருவன்தான், நெட்டுக்குப் பெரிதாக வேலையில்லை. அதனால் முழுச் சோதனை ஆகிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. மனைவியும் மகளும் திரும்பி வந்து, வகுப்பு அது இது என்று பழையபடி ஓடினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் வராமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எப்படியும் நீங்கள் அவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். கோளாறு சரியாகிவிட்டது, பயப்படாமல் வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நானே சொல்லியிருப்பேன். நான் கூப்பிட்டால் இரண்டு பேர் போனும் ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது. வேறு சிம் போட்டுப் பார்த்தேன், தெருமுனையில் நின்று பார்த்தேன், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன். என் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை.